பக்கத்துப் பட்டை எங்கே?

ஜூலை 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. பால்கனியில் காயப்போட்ட வேட்டி எதிர் பிளாட்டின் கம்பியில். மூன்றாம் மாடிக்காரரின் ஸ்கூட்டர் மறுபடியும் என் இடத்தில். கேட்டால் "அஞ்சு நிமிஷம் சார்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் போன தீபாவளிக்குத் தொடங்கியது.

காவிரிப் பாலத்தில் நெரிசல். முதல் வகுப்பு போயிற்று. யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும்.

துறையின் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள். கோமதியின் பிஎச்.டி. வைவா அடுத்த புதன்கிழமை. தலைப்பு, அரிசி ஆலை மின்பலகைகளின் செப்புப் பட்டைகளில் ஸ்கின் எஃபெக்ட்: ஒரு கணித மாதிரி. நெறியாளர், முனைவர் ஞானசேகரன், துறைத் தலைவர். இனி இங்கே ஞா. முழுப் பெயர் எழுதினால் மை வீண்.

வைவா வரை ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்தில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது விதி. யாரும் படிப்பதில்லை என்பது வழக்கம். போய்க் கேட்டேன்.

நூலகத்து லதா: "நிஜமாவே படிக்கப் போறீங்களா சார்?"

"ஏன், கூடாதா?"

"இல்ல, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. தீஸிஸ் வந்தா நான் வெயிட்டுக்குத்தான் வெப்பேன். ஃபேன் காத்துல பேப்பரெல்லாம் பறக்குதுல்ல."

நன்றிப் பக்கத்தில் ஞா. "கல்வித் தந்தை". மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். காபியும் சரியில்லை.

ஜூலை 8, புதன்

ஐந்தாம் அத்தியாயம். பிடித்துவிட்டேன்.

வைவா அன்று வார்த்தை தடுமாறக் கூடாது. அதனால் ஒரு முறை நிதானமாக எழுதி வைக்கிறேன்.

மாறுமின்னோட்டம் செம்புக்குள் சமமாகப் பரவாது. மேல்தோலை ஒட்டி நெருக்கிக்கொண்டு ஓடும். நடுச் செம்பு சும்மா. அதிர்வெண் கூடக் கூட இந்தத் தோல் மெலியும். வீட்டு மின்சாரத்துக்குச் செம்பில் ஒன்பது மில்லிமீட்டர் சொச்சம். ஆலையில் இப்போது எல்லாம் மின்னணு இயந்திரம். அவை மின்னோட்டத்தில் வேகமான அதிர்வுகளைக் கலந்துவிடுகின்றன. அவற்றுக்கு நாலு மில்லிமீட்டர், அதற்கும் கீழே. பட்டை சூடாகும். எங்கே, எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் மாதிரியின் வேலை.

வட்டக் கம்பி என்றால் கையாலேயே விடை எழுதலாம். செவ்வகப் பட்டைக்கு முடியாது. குறுக்குவெட்டைக் குட்டிக் குட்டி முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, கணினியிடம் தர வேண்டும். வேலையைக் குறைக்க ஒரு வழக்கம் உண்டு. பட்டை இடம் வலம், மேல் கீழ் ஒன்றுபோல இருப்பதால் கால் பங்குக்கு மட்டும் கணக்குப் போட்டு, மிச்ச முக்காலைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பிரதி எடுப்பது. தப்பில்லை, பட்டை தன்னந்தனியாக நிற்கும்வரை.

ஆலைப் பலகையில் மூன்று பட்டைகள், விரலிடை தள்ளி. ஒன்றில் போவது மற்றவற்றில் திரும்பி வருகிறது. எதிரெதிர் மின்னோட்டம் என்றால் பட்டைகள் ஒன்றையொன்று தள்ளும். ஆனால் மின்னோட்டம் என்னவோ ஒன்றையொன்று பார்க்கும் முகங்களில்தான் போய் அப்பிக்கொள்ளும். சூடும் அங்கேதான். இடம் வேறு, வலம் வேறு. பாதி எடுக்கலாம். கால் எடுக்கக் கூடாது.

கோமதி கால் எடுத்திருக்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால் அவள் அளவீடு சரி. மண்ணச்சநல்லூரில் அவளுடைய மாமா ஆலையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்திலும் வெப்பம் அளந்திருக்கிறாள். உள்முகங்கள் மாதிரி சொல்வதைவிட நன்றாகவே சூடு. எழுத வேண்டியது "மாதிரி தப்பு". எழுதியிருப்பது: "ஆலையில் படிந்த தவிட்டுத் தூசி வெப்பத்தைத் தேக்கியதால் அளவீட்டில் வேறுபாடு."

தவிடு! வெளிமுகத்தில் படியாதாம், உள்முகம் பார்த்துப் படியுமாம். பொறியியல் படித்த தவிடு.

இரவு வெகு நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, வியாழன்

பாக்கி: மின் கட்டணம். கண்ணாடிக்குப் புது ஃப்ரேம். லிஃப்ட்காரனுக்கு போன் (எடுக்க மாட்டான்).

மத்தியானம் மறுபடி நூலகம். கால் பங்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று மேற்கோள் பட்டியலில் தேடினேன். தெரிந்த விடைதான். ஞா.வின் கட்டுரை.

ஞா.வின் கட்டுரையாம். அவனும் நானும் ஒரே அறையில், ஒரே டேபிள் ஃபேனுக்கு அடித்துக்கொண்டிருந்த காலம். கணக்கு முழுக்க என்னுடையது. கையெழுத்துப் பிரதி. "நான் டைப் பண்ணித் தரேன்டா, உனக்கு மெதுவா வரும்" என்று வாங்கிக்கொண்டு போனான். இதழ் வந்தபோது ஆசிரியர் ஒருவர்தான். நான் கடைசிப் பக்கத்தில், "பயனுள்ள உரையாடல்களுக்காக நன்றி". கேட்டதற்கு, "பேர்ல என்னடா இருக்கு, நீயும் நானும் வேறயா?" வேறு இல்லையென்றால் என் பெயரைப் போட்டிருக்கலாமே. அந்தக் கட்டுரையால் ஒரு பதவி உயர்வு, அதனால் இன்னொன்று. இன்று என் விடுப்புக் கடிதத்தில் அவன் கையெழுத்து வேண்டும்.

பெயரை மட்டுமா எடுத்தான்? ஒரு வாக்கியத்தையும் வெட்டினான். "பக்கத்தில் வேறு மின்கடத்தி இல்லாதபோது மட்டுமே இது செல்லும்." பக்கம் மிஞ்சுகிறது என்று வெட்டினானாம். அவனுக்கு அது இடத்தை அடைக்கும் வாக்கியம். அது இல்லாமல் வளர்ந்த பிள்ளைதான் இந்த ஆய்வேடு.

ஆறு வரிக் கேள்வி போதும். சபை நடுவில், வெளியூர் தேர்வாளர் முன்னால்.

ஜூலை 11, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பிளாட் சங்கக் கூட்டம், வழக்கம்போலக் கூச்சல். மூன்றாம் மாடிக்காரர் எனக்கு ஒழுங்கு பற்றி உபதேசம் செய்தார்.

வசந்தியிடம் சொன்னேன். தோசைக்கல்லைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தனை வருஷமா இதையே சொல்றீங்க. அந்தத் தேங்ஸ் பேஜுக்கு ஒரு ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கலாம்."

"புதன்கிழமை பாரு."

"என்ன பாக்கறது? அவரை அடிக்கிறீங்க, சரி. முன்னாடி நிக்கறது அந்தப் பொண்ணுல்ல?"

"தப்பு கைடோடது. எக்ஸ்டர்னல் அவனைத்தான் கேப்பார். நடைமுறை அப்படி."

"நடைமுறையா." கல்லில் தண்ணீர் தெளித்தாள். "மாவு புளிச்சுப்போச்சு. ஊத்தப்பமாப் போடவா?"

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கல்லூரி நடைமுறை தெரியாது.

ஜூலை 13, திங்கள்

கோமதி என் அறைக்கு வந்தாள். கையில் அழைப்பும் சீட்டுகளும்.

சீட்டு நம் துறையின் சம்பிரதாயம். வைவாவில் பார்வையாளர்களும் கேள்வி கேட்க வேண்டும். கேட்டு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் கேள்விகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். விடையும் தயாராக இருக்கும். எனக்கு வந்தது: "இந்த ஆய்வின் எதிர்காலப் பயன்கள் யாவை?" ஒப்புக்குச் சப்பாணி. ஞா. பார்த்துப் பொறுக்கியிருப்பான்.

"கட்டாயம் வந்துடுங்க சார். எங்க அம்மா, மாமா எல்லாம் வராங்க."

"ம்."

போகவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். "வெள்ளிக்கிழமை இண்டர்வியூ சார். இத்தனை வருஷம் கான்ட்ராக்ட்லயே ஓட்டிட்டேன், இது நிரந்தர போஸ்ட். வைவா முடிஞ்ச லெட்டர் இருந்தாத்தான் உள்ளயே விடுவாங்க. இதை விட்டா எனக்கு வயசும் தாண்டிடும்."

"நல்லது."

"சார், லதாக்கா சொன்னாங்க, தினம் மத்தியானம் என் தீஸிஸைப் படிக்கிறீங்கன்னு." குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சாவது சேப்டர்ல ஏதாவது இருக்கா சார்? எனக்கே அந்தத் தவிட்டு விஷயம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நான் தொடச்சுட்டுத்தான் அளந்தேன். ஞானசேகரன் சார்தான், அப்படி எழுதிடும்மான்னு சொல்லிட்டாரு. தப்புன்னா சொல்லிடுங்க சார், இன்னும் ரெண்டு நாள் இருக்கு, எப்படியாவது சரி பண்ணிடுவேன்."

மின்விசிறி சத்தம். ஜன்னலுக்கு வெளியே ஞா.வின் கார், நிழலில், அவனுக்கென்று ஒதுக்கிய இடத்தில்.

"நல்லா இருக்கு" என்றேன். "தைரியமாப் பண்ணு."

முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா நிம்மதி சார். நீங்க யாரையும் சும்மா புகழ மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க."

பொய் சொல்லவில்லை. அளவீடு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 14, செவ்வாய்

நாளைக்கு: வெள்ளைச் சட்டை, இஸ்திரி. பேனா. அத்தியாயம் ஐந்து, படம் இருக்கும் பக்கத்தின் நகல். கண்ணாடி (பழையதே).

கேள்வியைச் சுருக்கிக்கொண்டே வந்தேன். முதல் வடிவம் ஒன்றரைப் பக்கம், வசை அதிகம். இரண்டாவதில் தவிட்டைக் கிண்டல் செய்திருந்தேன். நீக்கிவிட்டேன், சிரித்துக் கலைந்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு வரி.

மூன்றாம் மாடி ஸ்கூட்டரின் பின் டயரில் காற்று இல்லையாம். கீழே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜூலை 15, புதன்

வைவா.

போண்டாவும் கேசரியும் தேர்வாளருக்கு முன்பே வந்துவிட்டன. முடிவு தெரிந்த பிறகு டிபன் சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை. முதல் வரிசையில் அவள் அம்மா, தலை நிறையப் பூ. பக்கத்தில் ஆலை மாமா, மடிப்புக் கலையாத வேட்டி, காலடியில் கட்டைப்பை. எக்ஸ்டர்னல் கோயம்புத்தூர்க்காரர், வயதானவர், ஆய்வேட்டைப் புரட்டிய அடையாளமே இல்லை.

கோமதி நன்றாகப் பேசினாள். அதைச் சொல்ல வேண்டும்.

ஞா. எழுந்து, "கேள்விகள்?" சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஒப்பித்தார்கள். ஒருவர் தன் சீட்டைத் தொலைத்துவிட்டு அடுத்தவர் கேள்வியையே மறுபடி கேட்டார். அவளும் மரியாதையாக மறுபடி பதில் சொன்னாள். பிறகு ஞா. என் பக்கம் கையைக் காட்டினான். "ராகவன் சார் ஒண்ணு கேக்கட்டும். இந்த ஃபீல்டுல பழைய ஆள்."

எழுந்தேன். "படத்துல ஒரு பட்டை இருக்கு. ஆலையில மூணு இருக்கு. பக்கத்துப் பட்டை எங்கே?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரைக்குத் திரும்பவே இல்லை.

எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நல்ல கேள்விங்க. எங்கம்மா அது?"

"சார்... சிமெட்ரி இருக்கறதால... கால் பங்கு..."

"பக்கத்துல இன்னொண்ணு நின்னா சிமெட்ரி ஏதும்மா? அப்ப இந்தத் தவிடு?" பக்கத்தைத் தட்டினார். ஞா.வின் பக்கம் திரும்பினார். "கைடு என்னங்க சொல்றீங்க?"

இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான்.

ஞா. எழுந்தான். ஒரு துளி வியர்வை இல்லை. "நானும் அப்பவே சொன்னேன் சார். முழுசா எடும்மா, அவசரப்படாதேன்னு. கேட்டாத்தானே? இந்தக் காலத்துப் பிள்ளைங்க, சீக்கிரம் முடிச்சாப் போதும்னு நினைக்கிறாங்க."

சபையில் சிரிப்பு. கோமதியின் கையிலிருந்த லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி தரையில், அவள் செருப்புக்குப் பக்கத்தில், ஆடிக்கொண்டிருந்தது.

முடிவு: ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும், எக்ஸ்டர்னல் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடிதம். மாமா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "என்னங்க, பாஸா, இல்லையா? கை தட்டலாமா?"

டிபனை என்ன செய்வது? விநியோகித்தார்கள். எல்லாரும் தின்றார்கள். தட்டோடு வந்து ஞா. என் தோளில் கை போட்டான். "பிரமாதம்டா ராகவா. டிபார்ட்மென்டுக்கே பெருமை. இதை நாம ஒரு பேப்பராப் போட்டுடலாம்." கையை எடுத்துவிட்டேன். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

வாசலில் அவள் அம்மா. என்ன நடந்தது என்று அந்த அம்மாளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நீங்கதான் ராகவன் சாரா? நல்லா இருக்குன்னு சொன்னீங்களாமே. ரெண்டு நாளா நிம்மதியாத் தூங்குச்சுங்க பொண்ணு."

"ஆமாங்க" என்றேன்.

கேசரியில் நெய் அதிகம். நெஞ்சு கரிக்கிறது.

ஜூலை 16, வியாழன்

தூறல் போட்டது, நின்றது. புழுக்கம்.

துறை வாட்ஸ்அப்பில் ஞா.: "நேற்றைய வைவா நமது துறையின் ஆரோக்கியமான விவாதப் பண்பாட்டுக்குச் சான்று." கீழே கட்டைவிரல்கள். சீட்டைத் தொலைத்தவரும் ஒன்று போட்டிருந்தார்.

நூலகம் பக்கம் போனேன். லதா நிமிரவில்லை. "தீஸிஸ் இல்ல சார். எடுத்துட்டுப் போயிட்டாங்க." மேஜையில் கலைந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, "உங்க பேரைச் சொன்னது நான்தான். படிச்சா நல்லதுக்குத்தான் படிப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் என்ன, என் மேலதிகாரியா?

வசந்தி சாப்பாடு போடும்போது ஒன்று மட்டும் கேட்டாள். "நடைமுறை என்ன ஆச்சு?"

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்தது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கூட்டம், ஆட்டோ நுழைய முடியவில்லை. கல்லூரிக்கு விடுப்பு. நெஞ்சு இன்னும் சரியில்லை. விடுப்புக்கு ஞா. உடனே அனுமதி. கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

இன்றுதான் அவள் இண்டர்வியூ. பத்து மணி என்று சொன்ன நினைவு.

தப்பு தப்புதான். சபையில் கேட்டாலும் அறையில் சொன்னாலும் அதே தப்பு. இந்த மாதிரியோடு அவள் வேலைக்குப் போயிருந்தால் வருஷத்துக்கு அறுபது பிள்ளைகளுக்குத் தவிட்டைக் கற்றுக்கொடுத்திருப்பாள். அவளாவது எழுந்து "சார்தான் அப்படி எழுதச் சொன்னார்" என்று சொல்லியிருக்கலாம். வாயில் என்ன இருந்தது? ஞா.வை நேரே பார்த்து அந்த ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவன் முடிந்தான். அதற்குத்தானே நான் வழி போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் மடிக்கணினியில் நானே போட்டுப் பார்த்தேன். மூன்று பட்டைகள், பாதி வெட்டு, தோலுக்குப் பக்கத்தில் முக்கோணங்களைப் பொடிப்பொடியாக. மாலைக்குள் வந்துவிட்டது. உள்முகங்களில் சூடு அவள் அளந்த இடத்திலேயே, கிட்டத்தட்ட அவள் அளந்த அளவிலேயே.

இரண்டு நாள் போதும் என்றாள். அதுகூட வேண்டியிருந்திருக்காது. ஒரு பகல்.

கோப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் ஞா. பேப்பர் போட்டுவிடுவான்.

ஜூலை 20, திங்கள்

காற்று விட்டது. லிஃப்ட் ஓடுகிறது. மூன்றாம் மாடிக்காரர் ஸ்கூட்டரைத் தன் இடத்தில் நிறுத்தியிருக்கிறார், கேட்காமலேயே. நல்ல நாள் என்று நினைத்துக் கிளம்பினேன்.

பதினோரு மணிக்குக் கோமதி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அஞ்சாவது சேப்டர் திரும்ப எழுதிட்டேன் சார். மூணு பட்டை, பாதி எடுத்து. மேட்ச் ஆகுது."

"தெரியும்" என்று வாய்வரை வந்தது. "நல்லது" என்றேன். பிறகு, "வெள்ளிக்கிழமை?"

"வாசல்லயே லெட்டர் கேட்டாங்க. திரும்பி வந்துட்டேன்." மாமா ஆலைக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அது இல்ல சார் இப்ப. எப்ப கால் எடுக்கலாம், எப்ப கூடாதுன்னு ஒரு கண்டிஷன் எழுதியிருக்கேன். அதுக்கு சோர்ஸ் என்னன்னு எக்ஸ்டர்னல் கேக்கறாரு. ஞானசேகரன் சாரோட பேப்பர்ல அது இல்ல. அவர்கிட்டயே கேட்டேன். 'அது ராகவன் சொன்னதும்மா, அந்தக் கணக்கே அவனோடதுதான்'னு சொல்லிட்டாரு."

"அப்படியே சொன்னானா?"

"ஆமா சார். போன்ல யார்கூடவோ பேசிட்டே."

வேறு யாராவது இருந்தார்களா, யார் காதிலாவது விழுந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"எந்த ஜர்னல்லயும் இல்லாததால ரெஃபரன்ஸ்ல உங்க பேரைப் போட்டு, 'நேரில் கூறியது'ன்னு சேத்திருக்கேன். அப்படிப் போடலாமாம், ரூல்ஸ் இருக்கு."

தாளை மேஜையில் வைத்தாள். மேற்கோள் பட்டியல். ஞா.வின் கட்டுரைக்கு இரண்டு வரி கீழே என் பெயர். தனியாக. எவனுடைய நன்றியும் ஒட்டாமல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

"நன்றிப் பக்கத்துல உங்க பேரைச் சேக்கல சார். லதாக்கா பேரைச் சேத்திருக்கேன்."

"வேண்டாம். இது போதும்."

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி." பேனாவைத் திறந்தாள். என் பெயருக்குப் பிறகு ஒரு அடைப்புக்குறி, உள்ளே காலி. "நேரில் சொன்னதுன்னா தேதி போடணுமாம். என்ன தேதி போடட்டும் சார்? பதிமூணாம் தேதி நான் வந்து கேட்டேன். பதினஞ்சாம் தேதி நீங்க சொன்னீங்க."

மின்விசிறியைப் பார்த்தேன். அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"பதினஞ்சு" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.